தரவுத்தளம் மறுக்கும்போதும் தவறாகச் சொல்லும்போதும்: புதியவர்களுக்கான வழிகாட்டி

தரவை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக வைக்கும் ரிலேஷனல் தரவுத்தளத்தோடு புதிதாகப் பழகத் தொடங்குகிறவர்கள் சந்திக்கும் சிக்கல்கள் எண்ணற்றவையாகத் தோன்றினாலும், பெரும்பாலானவற்றை நான்கு வகைகளுக்குள் அடக்கிவிடலாம்: இணைப்பே கிடைக்காமல் போவது, கேட்டதைத் தரவுத்தளம் மறுப்பது, மறுக்காமல் தவறான விடையைத் தருவது, சரியான விடையைத் தாமதமாகத் தருவது. இவற்றுள் புதியவர்களை மிகவும் அச்சுறுத்துவது இரண்டாவது வகை. உண்மையில் அஞ்சவேண்டியது மூன்றாவது வகைக்குத்தான். பிழைச்செய்தி வந்தால் ஏதோ கோளாறு என்று தெரிந்துவிடும். தவறான கூட்டுத்தொகையோ எந்தச் சத்தமும் இல்லாமல் அறிக்கையில் ஏறி, பல மாதங்கள் அங்கேயே இருந்துவிடும்.

1970ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் இந்த ரிலேஷனல் முறையை முன்வைத்தபோது, தரவு எந்திரத்துக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பயனர் அறிந்திருக்க வேண்டிய தேவையே இருக்கக்கூடாது என்பது அவருடைய அடிப்படை நோக்கமாக இருந்தது. என்ன வேண்டும் என்று மட்டும் நாம் சொல்கிறோம். எப்படி எடுப்பது என்பதைத் தரவுத்தளமே முடிவு செய்கிறது. இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. நாம் மனத்தில் நினைத்ததற்கும் வினவலில், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியில், எழுதியதற்கும் இடையே சிறு வேறுபாடு இருந்தாலும், எழுதியதைத்தான் அது நிறைவேற்றும். கீழே வரும் படிகள் எல்லாமே அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதற்கான வழிகள்தாம்.

எங்கே நிற்கிறோம் என்பதை முதலில் உறுதி செய்தல்

எந்தச் சிக்கலையும் ஆராயத் தொடங்குவதற்கு முன், எந்தத் தரவுத்தளத்தோடு, எந்தப் பதிப்போடு, எந்தப் பயனர் பெயரில் இணைந்திருக்கிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் என்ற இரண்டு தரவுத்தளத் தயாரிப்புகளிலும், தரவை எடுக்கும் ‘செலக்ட்’ கட்டளையால் ‘வெர்ஷன்’ என்ற சார்பைக் கேட்டால் பதிப்பு தெரியும். இப்போது இணைந்திருக்கும் தரவுத்தளத்தின் பெயரைச் சொல்வதற்கும் இரண்டிலும் தனித்தனிச் சார்புகள் உள்ளன. இதற்குப் பத்து நொடிகூட ஆகாது.

இதை வலியுறுத்துவதற்கு என் சொந்த அனுபவமே காரணம். ஒரு அட்டவணையில் புதிய நெடுவரிசை ஒன்றைச் சேர்த்துவிட்டு, நிரல் ஏன் அதைக் காணவில்லை என்று ஒரு முழு முற்பகலைச் செலவிட்டேன். நான் நெடுவரிசையைச் சேர்த்தது சோதனைத் தரவுத்தளத்தில். நிரல் இணைந்திருந்தது வேறொன்றில். இரண்டிலும் அட்டவணைகளின் பெயர்கள் ஒன்றே என்பதால் கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. அன்றுமுதல் சோதனைச் சூழலுக்கும் உண்மைச் சூழலுக்கும் கருவியின் சாளரத்தில் வெவ்வேறு பின்னணி நிறம் வைத்துக்கொள்கிறேன். பெரும்பாலான தரவுத்தளக் கருவிகளில் இந்த வசதி இருக்கிறது.

இணைப்புக் கிடைக்காதபோது

இணைப்பு தோல்வியுறும்போது வரும் செய்திகள் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினாலும், அவை மூன்று வெவ்வேறு இடங்களைச் சுட்டுகின்றன. ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று வந்தால், அந்தக் கணினியை அடைந்துவிட்டோம், ஆனால் அந்தப் போர்ட்டில் (ஒரு சேவைக்குரிய எண்ணிட்ட வாயிலில்) பெரும்பாலும் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்று பொருள். தரவுத்தளச் சேவை ஓடவில்லை, அல்லது போர்ட் எண் தவறு. மாற்றாமல் விட்டால் போஸ்ட்கிரெஸ் 5432லும், மைஎஸ்க்யூஎல் 3306லும், மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் 1433லும், ஆரக்கிள் 1521லும் கேட்கும். நெடுநேரம் காத்திருந்து ‘டைம்டு அவுட்’ என்று வந்தால், முகவரி தவறாக இருக்கலாம், அல்லது நடுவில் ஒரு ஃபயர்வால் வழியை அடைத்திருக்கலாம். கடவுச்சொல் தவறு என்றோ அனுமதி இல்லை என்றோ செய்தி வந்தால் அது ஒரு வகையில் நல்ல சேதி. சர்வர்வரை போய்ச் சேர்ந்துவிட்டோம், இனிப் பார்க்கவேண்டியது பயனர் கணக்கை மட்டும்தான்.

பயனர் கணக்கில் மைஎஸ்க்யூஎல்லுக்கென்று ஒரு தனித்தன்மை உண்டு. அங்கே ஒரு பயனர் என்பது பெயர் மட்டுமன்று, பெயரும் அவர் வரும் கணினியும் சேர்ந்ததே ஒரு கணக்கு. ஆகவே அதே கணினியிலிருந்து நுழைய முடிகிற ஒருவருக்கு, அதே பெயரும் அதே கடவுச்சொல்லும் கொண்டு வேறு கணினியிலிருந்து நுழைய முடியாமல் போனால், கடவுச்சொல்லை மாற்றிப் பயனில்லை. அந்தக் கணினிக்கு உரிய கணக்கு இருக்கிறதா என்றுதான் பார்க்கவேண்டும். போஸ்ட்கிரெஸிலோ, வெளிக் கணினிகளின் இணைப்பை ஏற்பதற்கு இரண்டு இடங்களில் அனுமதி வேண்டும்: எந்த முகவரிகளில் கேட்கவேண்டும் என்ற அமைப்பு ஒன்று, யாரை எந்த முறையில் உள்ளே விடவேண்டும் என்று சொல்லும் அனுமதிக் கோப்பு மற்றொன்று. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை மறந்துவிடுவது மிகவும் சாதாரணமாக நடக்கிறது.

இணைப்புகளின் எண்ணிக்கை மீறிவிட்டது என்ற செய்தி வேறு வகை. போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 இணைப்புகளையும் மைஎஸ்க்யூஎல் 151 இணைப்புகளையும் அனுமதிக்கின்றன. செய்தியைக் கண்டதும் எண்ணிக்கையை உயர்த்தத்தான் கை போகும். அதற்கு முன், திறந்த இணைப்புகளை நிரல் மூடுகிறதா என்று பாருங்கள். ஒரு பிழை நேர்ந்து நிரல் பாதியில் வெளியேறும் வழியில் இணைப்பு மூடப்படாமல் விடப்பட்டிருந்தால், வரம்பை 100லிருந்து 500 ஆக்கினாலும் அது நிரம்பும். சற்றுத் தாமதமாக நிரம்பும், அவ்வளவுதான்.

பிழைச்செய்தியைப் படிக்கும் முறை

பிழைச்செய்தியைக் கண்டவுடன் அதை மூடிவிட்டு வினவலை அங்குமிங்கும் மாற்றிப் பார்ப்பது புதியவர்களிடம் அடிக்கடி காணும் பழக்கம். அதை விட்டுவிட்டு, செய்தியை முழுவதுமாக ஒருமுறை வாசியுங்கள். போஸ்ட்கிரெஸ் பல சமயங்களில் பிழையின் கீழே விவரம் என்றும் குறிப்பு என்றும் மேலும் வரிகளைத் தரும். எந்த மதிப்பு ஏற்கெனவே இருக்கிறது, எந்தப் பெயரை எழுத நினைத்திருப்பீர்கள் என்பதைக்கூட அவ்வரிகள் சொல்லிவிடும். நிரலின் வழியாக இணையும்போது பல நூலகங்கள் இந்த வரிகளை விழுங்கிவிடுகின்றன. எனவே நிரலில் தோல்வியுறும் வினவலை அப்படியே எடுத்து, தரவுத்தளத்தின் சொந்தக் கட்டளைச் சாளரத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது பயன்தரும்.

தொடரமைப்புப் பிழை வரும்போது, செய்தி சுட்டும் இடத்திலேயே தவறு இருக்கவேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் அதற்குச் சற்று முன்னால் இருக்கும். தரவுத்தளம் இடமிருந்து வலமாக வாசித்துக்கொண்டு வந்து, இனிப் பொருள்கொள்ள முடியாது என்ற இடத்தில்தான் நிற்கிறது. முந்தைய வரியில் ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தால் அது அடுத்த வரியின் முதல் சொல்லில்தான் தடுக்கி விழும். ‘ஆர்டர்’, ‘யூசர்’, ‘குரூப்’ போன்ற சொற்களை அட்டவணைக்கோ நெடுவரிசைக்கோ பெயராக வைப்பதும் இதே குழப்பத்தைத் தரும். அவற்றுள் பல, வினவல் எழுதும் மொழியான எஸ்க்யூஎல்லுக்கென்று ஒதுக்கப்பட்டவை. மேற்கோள் குறியும் கவனத்துக்குரியது. எஸ்க்யூஎல் நெறிப்படி ஒற்றை மேற்கோளுக்குள் இருப்பது மதிப்பு, இரட்டை மேற்கோளுக்குள் இருப்பது பெயர். ஒருவருடைய பெயரை இரட்டை மேற்கோளுக்குள் எழுதித் தேடினால், அப்படி ஒரு நெடுவரிசை இல்லை என்று போஸ்ட்கிரெஸ் சொல்வது அதனால்தான்.

அட்டவணை கண்ணுக்கு முன் இருக்கும்போதே ‘அட்டவணை இல்லை’ என்று செய்தி வருவதும் உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இதற்கு முதல் காரணம். மேற்கோளின்றி எழுதப்படும் பெயர்களைப் போஸ்ட்கிரெஸ் சிறிய எழுத்தாகவும் ஆரக்கிள் பெரிய எழுத்தாகவும் மாற்றிக்கொள்கின்றன. மைஎஸ்க்யூஎல்லில் அட்டவணைப் பெயர்கள் விண்டோஸில் எப்படி எழுதினாலும் ஏற்கப்படும். லினக்ஸிலோ இயல்பான அமைப்பில் எழுத்து வேறுபாடு பார்க்கப்படும். தம் கணினியில் ஓடிய நிரல் சர்வரில் ஏறியதும் நின்றுவிட்டது என்று திகைப்பவர்கள் இதை முதலில் பார்க்கலாம். பெயர்களை எப்போதும் சிறிய எழுத்தில், அடிக்கோட்டால் இணைத்து எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை. ஆரக்கிளில் 00942 என்ற பிழை எண் வந்தால், அட்டவணை இல்லை என்று மட்டும் பொருளன்று. அதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை என்றாலும் அதே எண்தான் வரும்.

அடுத்து, கட்டுப்பாடுகள் மீறப்படும்போது வரும் பிழைகள். போஸ்ட்கிரெஸில் 23505, மைஎஸ்க்யூஎல்லில் 1062 என்றால், ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாத இடத்தில் வருகிறது என்று பொருள். பழைய தரவை வெளியிலிருந்து ஏற்றிய மறுநாளே போஸ்ட்கிரெஸில் இந்தப் பிழை தோன்றினால், காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: எண்களோடு சேர்த்தே பதிவுகளை ஏற்றியிருப்பார்கள், ஆனால் அடுத்த எண்ணை வழங்கும் வரிசைமுறை இன்னும் 1இலேயே நின்றுகொண்டிருக்கும். அட்டவணையிலுள்ள மிகப் பெரிய எண்ணுக்கு அதை நகர்த்திவிட்டால் தீர்ந்தது.

ஃபாரின் கீ என்பது, ஓர் அட்டவணையின் (சேய்) பதிவு மற்றோர் அட்டவணையில் (தாய்) உள்ள பதிவையே சுட்டவேண்டும் என்ற கட்டுப்பாடு. அதன் பிழைகளுக்குப் பெரும்பாலும் வரிசையே காரணம். சேர்க்கும்போது தாய் அட்டவணை முதலில், சேய் அட்டவணை பிறகு. நீக்கும்போது சேய் முதலில், தாய் பிறகு. கட்டுப்பாட்டையே தற்காலிகமாக அணைத்துவிட்டு வேலையை முடிக்கலாம் என்ற ஆலோசனை உங்களுக்கும் கிடைக்கும். மைஎஸ்க்யூஎல்லில் அந்தச் சோதனையை அணைத்துவிட்டு மீண்டும் இயக்கினால், இடைப்பட்ட நேரத்தில் நுழைந்த பதிவுகளை அது திரும்பிப் போய்ச் சோதிப்பதில்லை என்பதை மனத்தில் வைத்து முடிவெடுங்கள். தாயில்லாத அந்தப் பதிவுகள் அங்கேயே இருக்கும். வேறொரு நாள் வேறொருவருடைய அறிக்கையில் அவை காணாமற்போன தொகையாக வெளிப்படும்.

பிழை இல்லை, விடை தவறு

இந்தப் பகுதியைத்தான் நிதானமாக வாசிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்ப்போம். ஆர்டர்கள் ஓர் அட்டவணையில், ஒவ்வோர் ஆர்டரிலும் உள்ள பொருட்கள் இரண்டாவது அட்டவணையில், அதற்குப் பெறப்பட்ட தொகைகள் மூன்றாவது அட்டவணையில் இருக்கின்றன என்று கொள்வோம். ஆர்டர் எண் 17இல் 300, 350, 250 என்று மூன்று பொருட்கள், மொத்தம் 900. வாடிக்கையாளர் அதை 500, 400 என்று இரண்டு தவணைகளில் செலுத்தியிருக்கிறார், அதுவும் 900. இப்போது மூன்று அட்டவணைகளையும் ஆர்டர் எண்ணால் ஒரே வினவலில் ஜாயின் செய்து, அதாவது பொருந்தும் பதிவுகளை இணைத்து, பொருட்களின் தொகையையும் பெற்ற தொகையையும் கூட்டினால், பொருட்களின் தொகை 1800 என்றும் பெற்ற தொகை 2700 என்றும் வரும். ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு தவணையோடும் ஜோடி சேர்ந்ததால் மூன்றை இரண்டால் பெருக்கி ஆறு பதிவுகள் உருவாகியிருக்கின்றன. ஒவ்வொரு பொருளும் இருமுறையும் ஒவ்வொரு தவணையும் மும்முறையும் எண்ணப்பட்டிருக்கின்றன. தரவுத்தளம் கேட்டதைச் சரியாகவே செய்தது.

இங்கே பலர், ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் எண்ணும் ‘டிஸ்டிங்க்ட்’ என்ற சொல்லைச் சேர்த்து இரட்டிப்பை மறைக்கப் பார்க்கிறார்கள். அது இன்னும் தீங்கானது. தற்செயலாக இரண்டு தவணைகள் ஒரே தொகையாக இருந்தால் அவற்றுள் ஒன்று கணக்கிலிருந்து காணாமற்போய்விடும். சரியான வழி, பொருட்களை ஆர்டர்வாரியாகத் தனியே கூட்டி, தொகைகளையும் தனியே கூட்டி, ஆர்டருக்கு ஒரே பதிவு என்ற நிலைக்கு இரண்டையும் கொண்டுவந்த பிறகு ஜாயின் செய்வது. ஐயம் வரும்போதெல்லாம், கூட்டலை எடுத்துவிட்டு ஒரேயோர் ஆர்டருக்கு மட்டும் ஜாயினின் பதிவுகளை விரித்துப் பாருங்கள். ஆறு வரிகள் கண்முன் நிற்கும்போது விளக்கமே தேவைப்படாது.

இரண்டாவது பொறி ‘நல்’ எனப்படும் வெற்று நிலை. அது பூஜ்யமும் அன்று, (ஆரக்கிளைத் தவிர்த்து) காலியான எழுத்துச்சரமும் அன்று. மதிப்பு தெரியவில்லை என்ற அறிவிப்பு. தெரியாத ஒன்றை எதனோடு ஒப்பிட்டாலும் விடை ‘ஆம்’ என்றும் ஆகாது, ‘இல்லை’ என்றும் ஆகாது. ‘தெரியாது’ என்றே ஆகும். நிபந்தனையை எழுதும் ‘வேர்’ பகுதி ‘ஆம்’ என்று உறுதியான பதிவுகளை மட்டுமே உள்ளே விடுவதால், சமக்குறி போட்டு நல்லைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ‘இஸ் நல்’ என்றே எழுதவேண்டும். இதன் கடுமையான விளைவு ‘நாட் இன்’ எழுதும்போது தெரியும். ஆர்டரே கொடுக்காத வாடிக்கையாளர்களைக் கண்டுபிடிக்க, ஆர்டர் அட்டவணையில் உள்ள வாடிக்கையாளர் எண்களுள் இல்லாதவர்கள் என்று கேட்கிறோம். அந்த எண்களுக்கு நடுவே ஒரேயொரு நல் இருந்தால் போதும், விடையில் ஒருவர்கூட வரமாட்டார். வாடிக்கையாளர் எண் 5 என்பது 1 அன்று, 2 அன்று என்பன உறுதி. தெரியாத அந்த மதிப்பு அன்று என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே முழு நிபந்தனையும் ‘தெரியாது’ ஆகிவிடுகிறது. ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ என்று எழுதினால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. நான் ‘நாட் இன்’னுக்குள் துணை வினவல் எழுதுவதை முற்றிலும் நிறுத்திவிட்டேன்.

இடப்பக்க அட்டவணையின் பதிவுகளைப் பொருத்தம் இல்லாவிட்டாலும் தரும் லெஃப்ட் ஜாயினை எழுதியும் விடுபட்டவர்கள் வரவில்லை என்ற கேள்வியும் அடிக்கடி எழுகிறது. வலப்பக்க அட்டவணையின் மீது ஒரு நிபந்தனையை ‘வேர்’ பகுதியில் வைத்துவிட்டால், பொருந்தாத பதிவுகளின் வலப்பக்கம் நல் ஆக இருப்பதால் அந்நிபந்தனை அவற்றை வெளியேற்றிவிடுகிறது. லெஃப்ட் ஜாயின் சாதாரண ஜாயினாகச் சுருங்கிவிடுகிறது. நிபந்தனையை, எதை வைத்து இணைப்பது என்று சொல்லும் ‘ஆன்’ பகுதிக்கு நகர்த்துங்கள்.

தேதிகளில் மாதக்கடைசியைக் கவனிக்கவேண்டும். நேரமும் சேர்ந்த நெடுவரிசையில் ஜனவரி 1 முதல் ஜனவரி 31 வரை என்று ‘பிட்வீன்’ கொண்டு கேட்டால், 31ஆம் தேதி என்பது அந்த நாள் பிறக்கும் நள்ளிரவாகவே கொள்ளப்படும். அன்று பகலில் நடந்தவை அனைத்தும் விடுபடும். ஜனவரி 1 அல்லது அதற்குப் பின், பிப்ரவரி 1க்கு முன் என்று எழுதினால் மாதத்துக்கு எத்தனை நாள் என்ற கவலையே இல்லை. பணத்தொகைகளை மிதவைப்புள்ளி வகையில் வைக்காதீர்கள், 0.1 என்ற எண்ணை இரும முறையில் துல்லியமாக எழுத இயலாது என்பதால் பைசாக் கணக்கு எங்கோ ஓரிடத்தில் உதைக்கும். டெசிமல் அல்லது நியூமெரிக் வகையே தக்கது. வரிசை மாறி மாறி வருகிறது என்றால் ‘ஆர்டர் பை’ எழுதவில்லை என்று பொருள். அது இல்லாதவரை எந்த வரிசைக்கும் உத்தரவாதம் இல்லை, இத்தனை நாள் ஒரே வரிசையில் வந்திருந்தாலும்கூட.

எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் குறியாக்கத்தில் வரும் சிக்கல் நமக்கு நெருக்கமானது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சேமித்த தமிழ்ப் பெயர் திரும்பி வரும்போது உச்சிக்கோடு போட்ட விநோத இலத்தீன் எழுத்துகளாகத் தெரிந்தால், பைட்டுகள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கின்றன, அவற்றை வாசிக்கும் குறியாக்கம்தான் தவறு, மீட்டுவிடலாம். மாறாக, கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்பட்டிருந்தால் மூல எழுத்து அழிந்துவிட்டது. திரும்ப உள்ளிடுவதைத் தவிர வழியில்லை. எஸ்க்யூஎல் சர்வரில் இது பெரும்பாலும், நெடுவரிசை யூனிகோடை ஏற்கும் ‘என்வார்கார்’ வகையாக இல்லாமையாலோ மதிப்புக்கு முன் ‘என்’ என்ற எழுத்தைச் சேர்க்க மறந்ததாலோ நேர்கிறது. மைஎஸ்க்யூஎல்லில் பழைய ‘யுடிஎஃப்8’ என்பது ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுகளை மட்டுமே ஏற்கும். தமிழ் எழுத்துக் குறிகள் மூன்று பைட்டுகளில் அடங்கிவிடுவதால் எல்லாம் சரியாக ஓடுவதுபோல இருக்கும். யாரோ ஒருவர் ஓர் இமோஜியைச் சேர்த்த அன்று, நான்காவது பைட்டுக்கு இடமில்லாமல் முறியும். தொடக்கத்திலிருந்தே ‘யுடிஎஃப்8எம்பி4’ என்று வைத்துவிடுங்கள். அட்டவணை, இணைப்பு, நிரல் மூன்றும் ஒரே குறியாக்கத்தில் இருக்கவேண்டும். நீளத்தையும் கவனியுங்கள்: ஆரக்கிளில் இயல்பாக 50 என்று கொடுக்கும் நீளம் 50 பைட்டு. தமிழில் அது 16 குறிகள். ‘கோ’ போன்ற உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு குறிகள் செலவாகும்.

விடை சரி, ஆனால் தாமதம்

வேகம் குறையும்போது ஊகித்துக்கொண்டு இண்டெக்ஸ்களை (பதிவுகளை விரைவாகத் தேடித்தரும் வரிசைப் பட்டியல்களை) அடுக்கிக்கொண்டே போகவேண்டாம். போஸ்ட்கிரெஸிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் வினவலுக்கு முன் ‘எக்ஸ்பிளெய்ன்’ என்ற சொல்லைச் சேர்த்தால், எந்த அட்டவணையை எந்த வழியில் படிக்கப்போகிறது என்ற திட்டத்தைத் தரவுத்தளமே காட்டும். போஸ்ட்கிரெஸில் ‘எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்’ என்றால், உண்மையில் ஓட்டிப் பார்த்து நேரத்தையும் சொல்லும். உண்மையில் ஓட்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன்: ‘டிலீட்’ கட்டளைக்கு முன் அதைச் சேர்த்தால் பதிவுகள் நீங்கிவிடும். பரிவர்த்தனை என்பது ஒன்றாகவே நிலைப்படும் அல்லது ஒன்றாகவே திரும்பப் பெறப்படும் கட்டளைத் தொகுப்பு. அப்படி ஒன்றைத் தொடங்கி, ஓட்டி, ‘ரோல்பேக்’ செய்து மாற்றங்களைத் திரும்பப் பெறுவதே பாதுகாப்பு.

திட்டத்தில் முதலில் பார்க்கவேண்டியது, எத்தனை பதிவுகள் வரும் என்று அது மதிப்பிட்டது, உண்மையில் எத்தனை வந்தன என்ற இரண்டு எண்கள். 10 வரும் என்று எண்ணி 2,00,000 வந்திருந்தால், தவறான மதிப்பீட்டை நம்பித் தவறான வழியைத் தேர்ந்திருக்கிறது. பெரிய அளவில் தரவை ஏற்றியபின் புள்ளிவிவரங்கள் புதுப்பிக்கப்படாமல் இருப்பது இதற்கு வழக்கமான காரணம். ‘அனலைஸ்’ கட்டளையைத் தனியே ஓட்டுவது பல சமயம் போதும்.

இண்டெக்ஸ் இருந்தும் பயன்படவில்லை என்றால், நிபந்தனை எழுதப்பட்ட விதத்தைப் பாருங்கள். நெடுவரிசையை ஒரு சார்புக்குள் அடைத்துவிட்டால், எடுத்துக்காட்டாகத் தேதியிலிருந்து ஆண்டை மட்டும் பிரித்து 2024உடன் ஒப்பிட்டால், தேதியின் மீதுள்ள இண்டெக்ஸ் உதவாது. 2024இன் தொடக்கம், 2025இன் தொடக்கம் என்ற இரு எல்லைகளாக எழுதினால் உதவும். தேடுசொல்லின் முன்னால் விழுக்காட்டுக் குறி வந்தாலும் அப்படியே: அகராதியில் ‘க’வில் தொடங்கும் சொற்களைச் சட்டென்று எடுக்கலாம், ‘க’வில் முடியும் சொற்களை எடுக்க முழுவதையும் புரட்டவேண்டும். இரண்டு நெடுவரிசைகளைச் சேர்த்து அமைத்த இண்டெக்ஸும் அகராதியைப் போன்றதே. முதல் நெடுவரிசையைச் சொல்லாமல் இரண்டாவதை மட்டும் கேட்டால் அது பெரிதாகப் பயன்படாது. எழுத்துச்சர வகையில் இருக்கும் தொலைபேசி எண்ணை மேற்கோளின்றி எண்ணாகக் கொடுத்துத் தேடினால், மைஎஸ்க்யூஎல் ஒவ்வொரு பதிவையும் எண்ணாக மாற்றிப் பார்க்க நேர்ந்து இண்டெக்ஸைக் கைவிடும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஃபாரின் கீ அமைத்தால் சேய் அட்டவணையின் அந்த நெடுவரிசையில் மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எந்திரமான இன்னோடிபி தானே இண்டெக்ஸ் உருவாக்கிக்கொள்கிறது, போஸ்ட்கிரெஸ் உருவாக்குவதில்லை. தாய் அட்டவணையில் ஒரேயொரு பதிவை நீக்குவதற்குப் பல நிமிடங்கள் ஆகின்றன என்றால் இதைப் பாருங்கள்.

நகராமல் நிற்கும் வினவல்

மெதுவாக ஓடுவது வேறு, காத்துக்கொண்டு நிற்பது வேறு. வேறொருவர் ஒரு பதிவை மாற்றிவிட்டுப் பரிவர்த்தனையை முடிக்காமல் விட்டிருந்தால், அதே பதிவை மாற்ற வரும் உங்கள் கட்டளை அவர் முடிக்கும்வரை நிற்கும். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி இயல்பாக 50 நொடி காத்திருந்து கைவிடும். போஸ்ட்கிரெஸ் இயல்பாக வரம்பின்றிக் காத்திருக்கும். யாருக்காக யார் காத்திருக்கிறார் என்பதைக் காட்டும் அட்டவணைகள் பெரும்பாலான தயாரிப்புகளில் உண்டு. அந்த ‘வேறொருவர்’ பல நேரங்களில் நீங்களே திறந்துவைத்து மறந்த மற்றொரு சாளரமாக இருப்பதும் உண்டு.

டெட்லாக் என்பது இருவர் ஒருவருக்கொருவர் காத்திருப்பது. தரவுத்தளமே இதைக் கண்டறிந்து ஒருவரை வெளியேற்றும். வெளியேற்றப்பட்ட பரிவர்த்தனையை முதலிலிருந்து மீண்டும் ஓட்டும்படி நிரலை எழுதவேண்டும். எல்லா நிரல்களும் பதிவுகளை ஒரே வரிசையில், சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்கு, மாற்றும்படி அமைத்தால் டெட்லாக் வெகுவாகக் குறையும்.

மாற்றும்போதும் நீக்கும்போதும்

‘வேர்’ பகுதி இல்லாத ‘அப்டேட்’ கட்டளை அட்டவணை முழுவதையும் மாற்றும். இதைத் தவிர்க்க ஓர் ஒழுங்கைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். முதலில் அதே நிபந்தனையோடு ‘செலக்ட்’ எழுதி, எத்தனை பதிவுகள் வருகின்றன என்று பாருங்கள். பிறகு பரிவர்த்தனையைத் தொடங்கி, ‘செலக்ட்’ இருந்த இடத்தில் ‘அப்டேட்’ அல்லது ‘டிலீட்’ வைத்து ஓட்டுங்கள். பாதிக்கப்பட்ட பதிவுகளின் எண்ணிக்கை முன்பு கண்ட எண்ணோடு பொருந்தினால் மாற்றத்தை நிலைப்படுத்தும் ‘கமிட்’, பொருந்தாவிட்டால் ‘ரோல்பேக்’. அட்டவணையின் அமைப்பையே மாற்றும் கட்டளைகளுக்கு இந்தப் பாதுகாப்பு எல்லா இடத்திலும் இல்லை. போஸ்ட்கிரெஸில் அவற்றில் பெரும்பாலானவற்றைத் திரும்பப் பெறலாம். மைஎஸ்க்யூஎல்லிலும் ஆரக்கிளிலும் அவை ஓடிய கணமே அதுவரை செய்ததையும் சேர்த்து நிலைப்படுத்திவிடும்.

பயனர் தரும் மதிப்புகளை வினவலோடு ஒட்டி எழுதாமல், அளபுருக்களாக, அதாவது வினவலிலிருந்து பிரித்துத் தனி மதிப்புகளாக, அனுப்புங்கள். ஒற்றை மேற்கோள் உள்ள ஒரு பெயரால் வினவல் உடைகிறது என்றால், அதே வழியாகத் தீய நோக்குடைய ஒருவர் தம் கட்டளையை நுழைக்க முடியும் என்று பொருள். மேற்கோள்களை இரட்டிப்பாக்கிச் சமாளிப்பது தீர்வாகாது.

காப்புப்பிரதியைப் பற்றி ஒரு நிகழ்வு போதும். 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவையை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் பழுதுபார்க்கும் பணியிடையே முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புறை தவறுதலாக நீக்கப்பட்டது. நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பியிருந்த காப்புப்பிரதி உண்மையில் எடுக்கப்படவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சர்வர் போஸ்ட்கிரெஸ் 9.6இல் ஓட, காப்புப்பிரதிக் கருவி 9.2 பதிப்பாக இருந்ததால் அது தோல்வியுற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தற்செயலாகச் சில மணி நேரம் முன்பு எடுத்த ஒரு படியால் மீண்டார்கள். ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு போயிற்று. அந்நிறுவனமே இவற்றை வெளிப்படையாக எழுதி வெளியிட்டது நமக்கெல்லாம் செய்த உதவி. உங்கள் காப்புப்பிரதியை வேறொரு கணினியில் ஏற்றி, முக்கியமான அட்டவணைகளின் பதிவு எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்க்கும் வரை, அதை ஒரு கோப்பு என்று மட்டுமே கருதுங்கள்.

பிறரிடம் உதவி கேட்கும்போது

இத்தனையும் பார்த்தபின் உதவி கேட்க நேர்ந்தால், சிக்கலைச் சுருக்கிக்கொண்டு போங்கள். தயாரிப்பும் பதிப்பும், சம்பந்தப்பட்ட அட்டவணைகளை உருவாக்கும் கட்டளை, கற்பனையான நான்கைந்து பதிவுகள், ஓட்டிய வினவல், எதிர்பார்த்த விடை, கிடைத்த விடை ஆகிய ஆறும் இருந்தால் படிப்பவர் தம் கணினியில் அதை அப்படியே உருவாக்கிப் பார்க்கமுடியும். உண்மையான வாடிக்கையாளர்களின் பெயர்களையோ கடவுச்சொல் அடங்கிய இணைப்பு வரியையோ ஒருபோதும் ஒட்டாதீர்கள். பிழைச்செய்தியைத் திரைப்பிடிப்புப் படமாக எடுத்து அனுப்பாமல் எழுத்தாகவே அனுப்புங்கள். அதிலிருந்து ஒரு வரியை எடுத்துத் தேடவும், வினவலைப் படியெடுத்து ஓட்டவும் அப்போதுதான் முடியும். அந்த நான்கைந்து பதிவுகளைத் தயாரிக்கும்போதே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்: ஐந்தாவது பதிவில் ஒரு நல்லை வைக்கலாமா என்று யோசிக்கும் இடத்தில் கை நின்றுவிடும்.